ரெண்டு மிதி வாத்தியார்

எங்கள் ஊரில் என் மாமாவிடம் கார் ஓட்டக் கற்றுக்கொண்டவர்கள் யார் யார் என்று தெரிந்துகொள்ள யாரையும் விசாரிக்க வேண்டாம். பெரிய சிக்னலில் போய் நின்றால் போதும். பச்சை விழுந்து வண்டிகள் கிளம்பும். முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்கு மாற்றும்போது மாமாவின் மாணவர் கிளட்சை ஒரு மிதி மிதிப்பார், விடுவார், மறுபடி ஓங்கி மிதிப்பார். இரண்டாவது மிதிக்கு சீட்டை விட்டு ஒரு சாண் எழும்புவார். கியர் கம்பியை நடுவில் நிறுத்தி, ஒரு பெருமூச்சு விட்டு, "வா" என்று முணுமுணுத்து, அதற்கப்புறம்தான் தள்ளுவார். வரிசையாக நாலைந்து பேர் மாமாவின் ஆட்களாக அமைந்துவிட்டால், நாலைந்து தலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மேலே போய்க் கீழே வரும். வெளியூர்க்காரர்கள் அதைப் பார்த்துவிட்டு ரோட்டில் அங்கே பள்ளம் இருக்கிறதென்று ஒதுங்கிப் போவார்கள்.

இதில் என் வயிற்றெரிச்சல் என்னவென்றால், அந்த வண்டிகளில் ஒன்றுக்கும் ஒரு கோளாறும் கிடையாது. நேற்றுத்தான் கடையிலிருந்து வந்த புது வண்டியாக இருக்கும், விரலால் தொட்டால் கியர் விழும். அதையும் இப்படித்தான் மிதிப்பார்கள். கோளாறு இருந்தது ஒரே வண்டியில்தான், மாமாவின் வண்டியில். ஊரில் பாதிப் பேர் அந்த வண்டியில் கற்றுக்கொண்டதால், அதன் நோயையும் வித்தையோடு சேர்த்து வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

மாமா என்று நான் சொல்வது என் அக்காவின் கணவரை. நான் மெக்கானிக். கிளட்ச், கியர் பாக்ஸ் விஷயத்தில் என்னைத் தாண்டி இந்த ஊரில் ஆள் கிடையாது. பெருமைக்காகச் சொல்லவில்லை என்று சொல்ல வேண்டும், பெருமைக்காகத்தான் சொல்கிறேன். அப்படிப்பட்ட என்னை ஒரு வண்டி வருஷக்கணக்காக முட்டாளாக்கியது. அதுவும் சொந்த அக்கா வீட்டு வண்டி.

மாமா முதலில் விளக்குக் கடையில் விற்பனையாளராக இருந்தார். ஒரே விளக்கை முப்பது தடவை போட்டு அணைத்துக் காட்டச் சொல்கிற வாடிக்கையாளரிடமும் முகம் சுளிக்காமல் நிற்பார். கடையை மூடியபோது, இந்தப் பொறுமையை வேறு எங்கே விற்பது என்று யோசித்து, ஒரு பழைய வெள்ளைக் காரை வாங்கி, மேலே 'ஓட்டுநர் பயிற்சி' என்று பலகை மாட்டினார். கற்றுக்கொடுக்கும் வண்டி என்பதால் வாத்தியார் உட்காரும் பக்கத்திலும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் வைத்துக் கொடுத்தேன். இரண்டு பக்கத்துப் பெடல்களும் ஒரே தண்டில் பிணைந்தவை. இந்தப் பக்கம் மிதித்தால் அந்தப் பக்கமும் இறங்கும். இந்தப் பக்கம் எதுவாவது தடுத்தால் அந்தப் பக்கமும் நிற்கும். இதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான்தான் வைக்கவில்லை.

மாமா யாரையும் திட்டி நான் பார்த்ததில்லை. ஓய்வு பெற்ற ஒரு தலைமை ஆசிரியை, ரிவர்ஸ் எடுக்கிறேன் என்று துணிக்கடைக்குள் புகுந்து வாசல் பொம்மையைச் சாய்த்துவிட்டார். மாமா இறங்கி, பொம்மையைத் தூக்கி நிறுத்தி, அதன் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டு வந்து, "ரிவர்ஸ் சத்தமில்லாம விழுந்துச்சு பாத்தீங்களாம்மா, அதான் முக்கியம்" என்றார். அந்த அம்மாள் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சொல்லிப் பூரித்துப் போகிறார்.

அவர் வண்டியில் கியர் முரண்டு பிடிக்கும். அதற்காக அவர் கண்டுபிடித்ததுதான் அந்த ரெண்டு மிதி. கண்டுபிடித்ததோடு விட்டாரா, அதற்கு ஒரு தத்துவமும் கட்டினார். கியரைப் பிடுங்கக் கூடாது, கேட்டு வாங்க வேண்டும். முதல் மிதி கேட்பதற்கு, இரண்டாவது மிதி வாங்குவதற்கு. தள்ளுவதற்கு முன் விடும் பெருமூச்சு, கொடுக்கிறவருக்கு யோசிக்க அவகாசம். இதைக் கேட்டுவிட்டுப் போன ஒரு தம்பதி விவாகரத்து வழக்கையே திரும்ப வாங்கிக்கொண்டதாக ஊரில் பேச்சு. நான் அதை நம்பவில்லை. ஆனால் ஊர் அவருக்கு 'ரெண்டு மிதி வாத்தியார்' என்று பெயர் வைத்தது அதற்கப்புறம்தான்.

இனி அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அக்காவுக்குக் கார் ஆகாது. கதவைத் திறந்தால் வரும் சீட் வாசனைக்கே தலை சுற்றும். தெருமுனை தாண்டுவதற்குள் வாந்தி எடுத்துவிடுவாள். கல்யாணத்தன்று எல்லோரும் காரில் வர, மணப்பெண் மட்டும் பட்டுப் புடவையோடு நடந்து வந்தாள். கார் ஓட்டுகிறவரைக் கட்டிக்கொண்டு காரில் ஏற முடியாதவளாக இருப்பது அவளுக்குப் பெரிய குறை. அந்தக் குறையைத் தையல் இயந்திரத்தில் காட்டினாள்.

அந்த இயந்திரம் அவர்கள் வீட்டில் குளிர்சாதனப் பெட்டிக்கும் குளியலறைக் கதவுக்கும் நடுவில், ஓர் ஆள் போகிற சந்தில் கிடக்கிறது. அக்கா தைக்க உட்கார்ந்தால் வீட்டில் யாரும் குளிக்கவும் முடியாது, தண்ணீர் எடுக்கவும் முடியாது. வெயில் காலத்தில் எஞ்சின் சூடு மாமாவின் பாதத்தைப் பொசுக்குகிறதென்று கேள்விப்பட்டு, அங்கே உட்கார்ந்து, பழைய போர்வையையும் ஜன்னல் திரையையும் மடித்து வைத்து, வாத்தியார் பக்கத்துத் தரைக்கு ஒரு கால்மெத்தை தைத்துக் கொடுத்தாள். பச்சை நிறம், ஓரத்தில் நீலப் பட்டி. அளவெடுத்துத் தைத்ததால் பெடல்களுக்கு அடியில் கச்சிதமாகப் போய் உட்கார்ந்துகொண்டது. கொஞ்ச நாளில் மாமாவுக்கு இடது கால் வலிக்க ஆரம்பித்தது. பாவம், தரை கடினமாக இருக்கிறது போல என்று அக்கா இன்னொரு அடுக்கு வைத்துத் தைத்தாள். வலி கூடியது. அடுக்கும் கூடியது.

கேட்கிறவர்களுக்கு இந்நேரம் விஷயம் புரிந்திருக்கும். எனக்குப் புரியவில்லை. ஏன் புரியவில்லை என்பதற்கு நியாயமான காரணம் இருக்கிறது.

வண்டி முதல் முறை பட்டறைக்கு வந்தபோது முறைப்படிதான் பார்த்தேன். எஞ்சினை அணைத்துவிட்டு கியர் போட்டுப் பார்த்தேன், சுகமாக விழுந்தது. அப்படியென்றால் கியர் பாக்ஸில் குற்றமில்லை. ஓடும்போது மட்டும் முரண்டு பிடித்தால் கிளட்ச் முழுசாக விலகவில்லை என்று அர்த்தம். கிளட்ச் என்பது எஞ்சினையும் கியரையும் கொஞ்ச நேரம் பிரித்து வைக்கிற சாமான். சண்டை போடும் இரண்டு பேரை விலக்கிவிடுகிற மாதிரி. அரைகுறையாக விலக்கினால் உள்ளே பல்லைக் கடித்துக்கொண்டு கரகரவென்று கத்தும். ஆகவே பெடலிலிருந்து கிளட்சுக்குப் போகும் கேபிளை இறுக்கினேன். எஞ்சினைக் கிளப்பி ஓட்டிப் பார்த்தேன். கியர்கள் தானாக வந்து கையில் உட்கார்ந்தன. மாமாவிடம் சாவியைக் கொடுத்தேன். அவர் தெருமுனை தாண்டுவதற்குள் போன் வந்தது. மறுபடி இறுக்கம்.

கேபிளையே மாற்றினேன். பட்டறையில் சுகம், தெருமுனையில் இறுக்கம். கியர் பாக்ஸை இறக்கி, கிளட்ச் பிளேட்டை மாற்றினேன். அதே கதை. பேரிங், கியர் கம்பியின் அடியில் இருக்கும் புஷ், பெடலைப் பிணைக்கும் தண்டு, எதையும் விட்டுவைக்கவில்லை. கடைசியில் அந்த வண்டியில் பழசாக மிச்சமிருந்தது மாமா மட்டும்தான்.

அப்படியானால் கால்மெத்தை என் கண்ணில் படவில்லையா? பட்டது. முதலில் படுவதே அதுதான். எந்த வண்டி வந்தாலும், கை வைப்பதற்கு முன் உள்ளே கிடக்கும் விரிப்புகளை எடுத்து வெளியே வைப்பது என் பட்டறையின் முதல் சட்டம். அக்காவின் மெத்தை விஷயத்தில் அது சட்டத்துக்கும் மேலே. "அதுல ஒரு பொட்டு கிரீஸ் பட்டுச்சு, உன் வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன்டா" என்று எச்சரித்திருந்தாள். எனவே கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, மெத்தையை இரண்டு கையாலும் எடுத்து, என் இஸ்திரி போட்ட சட்டை தொங்கும் மேல் அலமாரியில் வைத்துவிடுவேன். வேலை எல்லாம் முடிந்து, ஓட்டிப் பார்த்து, திருப்தியான பிறகு மறுபடி கையைக் கழுவிக்கொண்டு கடைசியாக அதை விரிப்பேன். அவர்கள் வீட்டு வாசலுக்கே போய்ப் பார்த்த நாட்களிலும் அதேதான். கதவைத் திறந்ததும் மெத்தையை எடுத்து அக்கா கையில் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே உட்காருவேன். நான் உட்கார்ந்தால் வண்டி சொன்ன பேச்சைக் கேட்கும். அக்கா இடுப்பில் மெத்தையை இடுக்கிக்கொண்டு நின்று, வண்டி என்னைக் கண்டு பயப்படுகிறதென்று சொல்வாள்.

எனக்கும் ரோஷம் உண்டு. என் கையில் நன்றாக இருக்கிற வண்டி இன்னொருவர் கையில் கெட்டுப் போனால் குற்றம் எதில் இருக்கும்? எந்த மெக்கானிக்கைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வான். நானும் சொன்னேன்.

"மாமா, வண்டில ஒண்ணும் இல்ல. உங்க கால்லதான் ஏதோ இருக்கு. முழுசா மிதிக்க முடியல உங்களால."

அப்படியானால் வண்டியை ஓட்டுவது மாணவர்கள்தானே, அவர்களுக்கும் ஏன் இறுக்கமாக இருக்கிறது என்று அக்கா கேட்டாள். அவர்களும் இவரிடம்தானே மிதிக்கக் கற்றார்கள், அதனால் அவர்களும் அரை மிதிதான் மிதிக்கிறார்கள் என்றேன். அப்போது அது மிக நல்ல பதிலாகத் தெரிந்தது. மாமா குனிந்து தன் இடது காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாளே டாக்டரிடம் போனார். டாக்டரும் மாமாவின் மாணவர்தான். தன் உள்ளங்கையைக் காலால் தள்ளும்படி டாக்டர் சொல்ல, மாமா தள்ள, சக்கரம் வைத்த முக்காலியோடு டாக்டர் அந்த அறையின் மறுகோடிக்குப் போய்ச் சுவரில் மோதி நின்றார். காலில் பலத்துக்குக் குறைவில்லை என்று அங்கிருந்தபடியே தெரிவித்தார். பிறகு முக்காலியை உருட்டிக்கொண்டு திரும்பி வந்து, குரலைத் தாழ்த்தி, தனக்கும் இரண்டாவது கியருக்கு ரெண்டு மிதி தேவைப்படுகிறது, இது வயதினால் வருவதாக இருக்கலாம் என்றார். இரண்டு பேருக்கும் ஒரே உடற்பயிற்சியை எழுதிக் கொடுத்தார். அன்றிலிருந்து மாமா காலையும் மாலையும் படுக்கையறைப் பீரோவைக் காலால் தள்ளினார். பீரோ மெல்ல நகர்ந்து ஜன்னலை மறைத்தது. கால் வலி இரட்டிப்பானது. அக்கா குளியலறைச் சந்தில் உட்கார்ந்து, பழைய ஸ்வெட்டர் ஒன்றை வெட்டி, மெத்தைக்கு இன்னொரு அடுக்கு வைத்தாள்.

இந்த நிலையில்தான் போக்குவரத்து அலுவலகத்திலிருந்து ஆள் வந்தது. பயிற்சிப் பள்ளிகள் எல்லாவற்றையும் மறுபடி சோதிக்கப் போகிறார்களாம். சோதனை இப்படி: ஆய்வாளரே ஒன்றும் தெரியாத மாணவர் மாதிரி ஓட்டுநர் சீட்டில் உட்காருவார், வாத்தியார் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொடுக்க வேண்டும். வண்டியோ வாத்தியாரோ சரியில்லை என்று தோன்றினால் அன்றே பலகையைக் கழற்றிவிடுவார்கள்.

மாமா என் பட்டறைக்கு வந்து, உதிரிச் சாமான் போடும் பெட்டியின் மேல் உட்கார்ந்தார். அவர் சாதாரணமாகவே சும்மா இருக்கத் தெரியாதவர். ஞாயிற்றுக்கிழமை சோபாவில் டிவி பார்க்கும்போதுகூடப் படத்தில் யாராவது ரோட்டைக் கடந்தால் தரையில் பிரேக் மிதிப்பார். அன்று அந்தக் கால் அசையாமல் கிடந்தது. எனக்கு அதைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

"அந்த சீட்ட விட்டு இறங்கிட்டா நான் யாருன்னு எனக்கே தெரியாது மாப்ள" என்றார். "காலை வேணா வெட்டி வேற மாட்டிக் குடு."

சோதனைக்கு முன்தினம், ஆய்வாளர் பார்க்கிற வண்டி பளிச்சென்று இருக்க வேண்டுமென்று அக்கா மெத்தையை ஊறவைத்துத் துவைத்துக் காயப்போட்டாள். அத்தனை அடுக்கும் தண்ணீர் குடித்திருந்தது. மறுநாள் காலை வரை கொடியில் சொட்டிக்கொண்டிருந்தது. மாமா பதற்றத்தில் அதைக் கேட்கவுமில்லை, அக்கா குளிக்கப் போயிருந்ததால் சொல்லவுமில்லை. நான் கருவிப் பையோடு பின் சீட்டில் ஏறிக்கொண்டேன். வீட்டிலிருந்து வண்டியை ஓட்டிக்கொண்டு போனது மாமா. பயத்தில் முதல் கியரிலேயே கடைசி வரை போனார். பின்னால் வந்தவர்கள் எங்களை என்னென்ன திட்டினார்கள் என்பதைச் சொல்ல மாட்டேன்.

அலுவலக மைதானத்தில் வெள்ளையடித்த பழைய டயர்களை அடுக்கிப் பாதை போட்டிருந்தார்கள். ஆய்வாளர் வந்தார். அவரைப் பார்த்ததும் எனக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. அவரும் ரெண்டு மிதி ஆள். அதுவும் சாதாரண ஆள் இல்லை. மாமா சொன்னதெல்லாம் மாமாவுடைய சரக்கு என்று அவருக்குத் தெரியாது. அரசாங்க விதி என்றே நினைத்துக்கொண்டிருந்தார். மற்ற பள்ளிகளிலிருந்து உரிமம் கேட்டு வருகிறவர்கள் ஒரே மிதியில் கியர் மாற்றினால், அவசரக் குணம் என்று சொல்லித் திருப்பி அனுப்புவார். அப்படித் திரும்பியவர்கள் மாமாவிடம் வந்து சேர்ந்துகொள்வார்கள்.

ஆய்வாளர் ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்தார். மாமா பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, கியரைக் கேட்டு வாங்க வேண்டும் என்று பாடத்தைத் தொடங்கினார். ஆய்வாளர் மாணவனுக்குரிய பணிவோடு தலையாட்டினார். வண்டி கிளம்பியது. இரண்டாவது கியருக்கான நேரம் வந்தது. ஆய்வாளர் முதல் மிதியை வைத்தார். பெடல் அவர் எதிர்பார்க்காத ஆழத்துக்குப் போய், தகரத் தரையில் டங்கென்று இடித்தது. கியர் கம்பியைச் சும்மா பிடித்துக்கொண்டிருந்தார், அது அவர் கையையும் இழுத்துக்கொண்டு போய் இரண்டாவது கியரில் விழுந்தது. இன்னும் பெருமூச்சு விடவில்லை, "வா" சொல்லவில்லை, சீட்டை விட்டு எழும்பவில்லை. என்ன நடந்ததென்று தெரியாமல் காலை எடுத்துவிட்டார். வண்டி துள்ளி, டயர் அடுக்கைப் பார்த்துப் பாய்ந்தது. மாமா தன் பக்கத்து பிரேக்கை அழுத்தி நிறுத்தினார்.

மறுபடி முயன்றார்கள். மறுபடியும் அதேதான். ஆய்வாளர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"சார், கேக்காமலேயே விழுது" என்றார். "இதுல எப்படிக் கத்துக்குடுப்பீங்க? இங்க கத்துக்கிட்டவன் நாளைக்கு வேற வண்டில ஏறினா அவனுக்கு ஒண்ணுமே தெரியாதே."

மாமாவின் முகம் வெளுத்துவிட்டது. வண்டி நன்றாகத்தானே போகிறது என்று நான் பின்னாலிருந்து வாதாடினேன். நன்றாகப் போகிற வண்டியில் எதைக் கற்றுக்கொள்ள முடியும் என்று ஆய்வாளர் கேட்டார். சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார்.

நான் முன் சீட்டுகளுக்கு நடுவில் தலையை நீட்டி, மாமாவின் கால்களுக்குக் கீழே பார்த்தேன். வெறும் தகரம். பச்சை மெத்தை இல்லை. பெடல் தடையில்லாமல் கீழே வரை போகிறது. அந்த ஒரு நொடியில் எனக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை எரிந்தது. கேபிள், பிளேட், பேரிங், புஷ், தண்டு, டாக்டர், பீரோ. அத்தனைக்கும் காரணத்தை நான் ஒவ்வொரு தடவையும் கையைக் கழுவிக்கொண்டு எடுத்து, என் இஸ்திரிச் சட்டைக்குப் பக்கத்தில் மரியாதையாக வைத்திருக்கிறேன்.

வாயைத் திறக்கப் போனேன். அப்போது மைதானத்து வாசலில் ஒரு வாடகைக் கார் நுழைந்தது. ஓட்டியவரின் தலை மேலே போய்க் கீழே வந்தது. வண்டி நிற்பதற்குள் பின் கதவு திறந்தது. அக்கா இறங்கினாள்.

இறங்கினவள் நேரே டயர் அடுக்குக்குப் பின்னால் போய்க் குனிந்தாள். நாங்கள் மூன்று பேரும் வேறு பக்கம் பார்த்தோம். கொஞ்ச நேரத்தில், புடவைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டு, கண்ணெல்லாம் சிவந்து, எங்களிடம் வந்தாள். கையில் ஒரு பாலிதீன் பை. அதற்குள் ஈர மெத்தை.

"மெத்தைய விட்டுட்டு வந்துட்டீங்க" என்றாள். "கால் வலிக்குமேங்க."

"கார்லயா வந்த?" என்று கேட்டார் மாமா.

"நடந்து வந்தா நேரத்துக்கு வந்து சேர முடியுமா?"

அவர்களுக்குக் கல்யாணமாகி இத்தனை காலத்தில் அவள் தெருமுனை தாண்டிக் காரில் வந்தது அதுதான் முதல் தடவை. மாமா இறங்கி அந்தப் பையை வாங்கிக்கொண்டார். குனிந்து, பெடலை ஒரு கையால் தூக்கிப் பிடித்து, மெத்தையை அடியில் விரித்தார். பிறகு உள்ளங்கையால் பெடலை அழுத்தினார். அது பாதி வழியில் மெத்தென்று நின்றது. இன்னொரு தடவை அழுத்தினார். அங்கேயே நின்றது. குனிந்தவர் நிமிர வெகு நேரம் ஆயிற்று. வாத்தியார் அல்லவா, ஒரு பெடல் எதனால் நிற்கிறதென்று அவருக்குத் தெரியாமல் போகுமா?

அவர் நிமிர்ந்ததும் நான் மறுபடி வாயைத் திறந்தேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன். மாமா என்னை அப்படிப் பார்த்ததே கிடையாது.

"நல்ல வேளை கொண்டு வந்த" என்று அக்காவிடம் சொல்லிவிட்டு, ஆய்வாளரின் பக்கம் திரும்பினார். "இப்பப் பாருங்க சார்."

வண்டி கிளம்பியது. ஆய்வாளர் முதல் மிதி மிதித்தார். கியர் அசையவில்லை. அவர் முகம் தெளிந்தது. விட்டார், சீட்டை விட்டு எழும்பி ஓங்கி மிதித்தார், பெருமூச்சு விட்டார், "வா" என்றார். உள்ளே பல்லைக் கடித்துக் கரகரத்து, ஒரு முறை உறுமி, இரண்டாவது கியர் விழுந்தது. மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்து நிறுத்தியபோது அவர் கண் கலங்கியிருந்தது. இதுதான் வண்டி, முதலில் நான் பயந்தே போய்விட்டேன் என்று மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டார். பலகை தப்பியது. போகும்போது மெத்தையை அழுத்திப் பார்த்துவிட்டு, தனக்கும் ஒன்று தைத்துத் தர முடியுமா என்று அக்காவைக் கேட்டார்.

திரும்பும்போது மாமா சாவியை என்னிடம் கொடுத்தார். அவர் அக்காவோடு நடந்தே வீட்டுக்குப் போனார். அந்தக் காலை வைத்துக்கொண்டு அவ்வளவு தூரம். நான் வண்டியை அவர்களுக்குப் பின்னால் முதல் கியரில் உருட்டிக்கொண்டே போனேன். வழியெல்லாம் அக்கா ஏதோ பேசிக்கொண்டே வந்தாள், மாமா கேட்டுக்கொண்டே வந்தார்.

மறுநாள் அவர் பட்டறைக்கு வந்ததும் நான் பொரிந்து தள்ளினேன். மெத்தையைத் தூக்கி எறியுங்கள், இல்லாவிட்டால் நானே அக்காவிடம் சொல்கிறேன் என்றேன். நான் கத்தி முடிக்கும் வரை மாமா உதிரிப் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தார்.

"இத்தன வருஷம் என் காலை வலிக்க வெச்சது தான்தான்னு அவளுக்குத் தெரியணுமா?" என்றார். "அவளால வண்டில ஏற முடியாது மாப்ள. அவளுக்குப் பதிலா அதுதான் என்கூட வருது. அது இருக்கட்டும். நீ வேற வழி பாரு."

மெக்கானிக் என்று பலகை மாட்டிவிட்டு வழியில்லை என்று சொல்ல முடியுமா? இரண்டு பக்கத்துக் கிளட்சுக்கும் நடுவில் இருக்கும் தண்டின் அளவை மாற்ற முடியாது, மாற்றினால் பிரேக் கெட்டுவிடும். பெடலைத் தூக்கினால் மாமாவின் முழங்கால் நெஞ்சில் இடிக்கும். மிச்சமிருந்தது தரைதான். மெத்தையின் அளவைச் சாக்பீஸால் வரைந்து, வாத்தியார் பக்கத்துத் தரைத் தகரத்தைச் சூடாக்கி, பெரிய சுத்தியலால் கீழே அடித்து, மெத்தையின் கனத்துக்குச் சரியாக ஒரு குழி இறக்கினேன். காரின் பள்ளத்தை நிமிர்த்துகிற மெக்கானிக்குகள் உண்டு. ஒரு மெத்தை வசதியாக உட்காரக் காரைப் பள்ளமாக்கியவன் நான் ஒருவன்தான். மெத்தையை விரித்தேன். தரையோடு தரையாக உட்கார்ந்தது. மெத்தை போட்டபடியே எல்லாக் கியரும் மாற்றி ஓட்டிப் பார்த்தேன், வாழ்க்கையில் முதல் முறையாக. கியர்கள் தானாக வந்து கையில் விழுந்தன.

மாமாவின் கால் வலி போய்விட்டது. அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. ஸ்வெட்டர் அடுக்கு வைத்த பிறகுதான் குணமானது, நீ மாற்றிய சாமானெல்லாம் எதற்கு ஆயிற்று என்று என்னிடம் கேட்டாள். ஒன்றுக்கும் ஆகவில்லை என்று நான் ஒப்புக்கொண்டேன்.

குணமானது திரும்பிவிடக் கூடாதென்று முன்னெச்சரிக்கையாக அவள் இன்னொரு அடுக்கு வைத்துத் தைத்தாள். மாமா மெத்தையைத் தோளில் போட்டுக்கொண்டு பட்டறைக்கு வந்து, சுத்தியலை எடுத்து என் கையில் கொடுத்தார். குழியை இன்னும் கொஞ்சம் ஆழமாக்கினேன். அதற்கப்புறம் இது வழக்கமாகிவிட்டது.

இப்போது அந்த வண்டிக்கு அடியில், ஒரு பக்கமாக, தொந்தி மாதிரி ஒரு தகர வீக்கம் தொங்குகிறது. வேகத்தடையில் நேராக ஏறினால் இடிக்கும். அதனால் மாமா வேகத்தடை வந்தால் வண்டியைக் குறுக்காகத் திருப்பி, ஒவ்வொரு சக்கரமாக ஏற்றி இறக்குகிறார். மாணவர்களுக்கும் அப்படியே சொல்லிக்கொடுக்கிறார். வேகத்தடையிடம் நேராகப் போகக் கூடாது, ஒதுங்கி மரியாதையாகப் போக வேண்டும் என்று அதற்கும் ஒரு தத்துவம் தயாராகிவிட்டது.

என் பட்டறைக்கு எதிரே ஒரு வேகத்தடை உண்டு. நேற்றுக் காலை புத்தம் புது வண்டி ஒன்று வந்தது. உயரமான வண்டி, அடியில் ஒரு நாய் நிமிர்ந்து நடந்து போகலாம். வேகத்தடைக்கு முன்னால் நின்றது, ரோட்டை அடைத்துக் குறுக்காகத் திரும்பியது, ஒவ்வொரு சக்கரமாக ஏறி இறங்கியது. அடுத்து ஓட்டுநரின் தலை மேலே போய்க் கீழே வந்தது. அதற்குப் பின்னால் மாமாவின் வெள்ளைக் கார் வந்தது. அதுவும் குறுக்காகத் திரும்பி ஏறியபோது ஜன்னல் வழியாக மாமா தெரிந்தார். மடியில், பாலிதீன் பையில், மறுபடி கனம் கூடிய மெத்தை. அக்கா தையலை முடித்துவிட்டாள் போல. நான் எழுந்து சுத்தியலைத் தேடினேன்.